பத்து நோயாளிகள், இரண்டு விடைகள்: சராசரிகளை ஒப்பிட எந்தச் சோதனை?

1905இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கலமசூ நகரத்து மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத இரவைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது கணக்கு. முதல் மருந்துக்குச் சராசரி 0.75 மணி நேரம், இரண்டாவதற்கு 2.33. மூன்று ஆண்டுகள் கழித்து இந்த எண்களை எடுத்துக்கொண்டுதான் வில்லியம் சீலி காசெட் தன் புதிய முறையை 'பயோமெட்ரிகா' இதழில் விளக்கினார். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் அவருக்கு வேலை. ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு எதையும் வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். சராசரிகளின் வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனை பிறந்த கதை இதுதான்.

அந்த இருபது எண்களை இன்று இரண்டு மாணவர்களிடம் கொடுத்தால் ஒருவர் 0.079 என்ற பி-மதிப்போடு (மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) வருவார். வழக்கமான எல்லையான 0.05ஐத் தாண்டுவதால், வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிவிடுவார். மற்றவர் 0.003 என்று வருவார். இரண்டாவது மருந்தே மேல் என்று எழுதுவார். இருவரும் எண்களைச் சரியாகத்தான் தட்டச்சு செய்திருப்பார்கள். இருவரும் செய்தது டி-சோதனைதான். முதலாமவர் இரண்டு தனிக் குழுக்களுக்கான சோதனையை எடுத்தார், மற்றவர் இணைச் சோதனையை எடுத்தார். வேறுபாடு அவ்வளவே.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் என் அறை வாசலில் மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள். "சார், என் தரவுக்கு எந்த டெஸ்ட்?" என்பதுதான் கேள்வி. மடிக்கணினியைத் திறந்து எண்களைக் காட்டப் போவார்கள். அதை மூடச் சொல்லிவிட்டு, "எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். சோதனையைத் தீர்மானிப்பதில் பாதிக்கு மேல் அந்தப் பதிலிலேயே இருக்கிறது, எண்களில் இல்லை.

சொல் பற்றி ஒரு வார்த்தை. எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவைப் பள்ளிப் பாடநூல் 'விலக்க வர்க்கச் சராசரி' என்கிறது. பொருள் சரிதான். ஆனால் சராசரிகளை ஒப்பிடும் கட்டுரையில் இன்னொரு சராசரி நுழைந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். ஆகவே, பழைய கல்லூரி நூல்களில் வரும் 'பரவற்படி' என்ற சொல்லையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம்.

இணையா, தனியா?

கலமசூவில் இருந்தவர்கள் இருபது பேர் அல்ல, பத்துப் பேர். ஒவ்வொருவரும் இரண்டு மருந்தையும் சாப்பிட்டார். எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்கிவிடுபவரும் உண்டு, எதைக் கொடுத்தாலும் விழித்துக் கிடப்பவரும் உண்டு. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வேறுபாடு மிகப் பெரியது. தனிக் குழுச் சோதனை அதையும் சேர்த்துக் கணக்கில் போடுகிறது. 1.58 மணி நேர வித்தியாசத்துக்கு எதிரே 0.85 திட்டப் பிழை (அந்த வித்தியாசத்தில் தற்செயலாக வரக்கூடிய தடுமாற்றத்தின் அளவு) வந்து நிற்கிறது, முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் டி 1.86தான். இணைச் சோதனையோ ஒவ்வொரு நோயாளியையும் அவரோடே ஒப்பிடுகிறது. இரண்டாவது மருந்தில் தூங்கியதிலிருந்து முதல் மருந்தில் தூங்கியதைக் கழித்தால் கிடைப்பவை: 1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இனி இந்தப் பத்து எண்கள் மட்டும்தான் தரவு. சராசரி அதே 1.58. திட்டப் பிழை 0.39 ஆகக் குறைகிறது, டி 4.06க்கு ஏறுகிறது. உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 மணி நேரம் வரை. ஆய்வேட்டில் பி-மதிப்பைவிட இந்த இடைவெளிக்கே முதலிடம் கொடுக்கச் சொல்வேன். மருந்து எவ்வளவு உதவும் என்பதை அது மணி நேரத்தில் சொல்கிறது.

அந்தப் பட்டியலில் ஒன்பதாம் நோயாளியின் 4.6 கண்ணை உறுத்துகிறதல்லவா? இரண்டாவது மருந்துக்கு ஆதரவாக ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகிறார், அவரை நீக்கினால் முடிவு கலைந்துவிடும் என்றுதான் தோன்றும். நீக்கிப் பாருங்கள். சராசரி 1.24 ஆகக் குறைகிறது, ஆனால் டி 5.66க்கு ஏறுகிறது! அந்த ஒற்றை எண் சராசரியை உயர்த்தியதைவிடச் சிதறலை அதிகம் உயர்த்தியிருந்தது. விலகி நிற்கும் எண் எப்போதும் நமக்குச் சாதகமாகவே வேலை செய்யும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன்.

இணையைக் கெடுப்பது மிக எளிது. ஒருமுறை ஒரு மாணவி 'முன்', 'பின்' என்று இரண்டு நெடுவரிசைகளைக் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எக்செல்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏறுவரிசைப்படுத்தியிருந்தார். எந்த 'முன்' எந்த 'பின்'னுக்கு உரியது என்பதே அழிந்துவிட்டது. மூலக் குறிப்பேடு கையில் இருந்ததால் பிழைத்தோம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இரண்டு தொட்டிகளில் முப்பது முப்பது மீன்கள். ஒரு தொட்டிக்குப் புதிய தீவனம், மற்றதற்குப் பழையது. அறுபது மீன்களையும் எடை போட்டுச் சோதனை செய்ய வருவார்கள். தீவனம் தொட்டிக்குத்தான் கொடுக்கப்பட்டது, மீனுக்கு அல்ல. உண்மையில் பக்கத்துக்கு ஒரே ஒரு அளவுதான் இருக்கிறது. இதற்குச் சரியான சோதனை என்று எதையும் சொல்ல முடியாது. இன்னும் சில தொட்டிகள்தான் வேண்டும்.

ஸ்டூடண்டா, வெல்ச்சா?

குழுக்கள் உண்மையிலேயே தனித்தனி என்றால் அடுத்த முடிச்சு இது. ஸ்டூடண்டின் பழைய சோதனை இரண்டு குழுக்களுக்கும் பரவற்படி ஒன்றே என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் கலந்து ஒரே மதிப்பீடாக்குகிறது. 1947இல் பெர்னார்ட் வெல்ச் வெளியிட்ட முறை அப்படிக் கலப்பதில்லை. அவரவர் சிதறலை அவரவருக்கே விட்டுவிட்டு, அதற்கு ஈடாகக் கட்டின்மைக் கூறுகளை (சிதறலை மதிப்பிடத் தரவில் உண்மையில் இருக்கும் தனித் தகவல்களின் எண்ணிக்கை) குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் வெல்ச் விடையில் 17.8 போன்ற பின்னங்கள் வருகின்றன. மென்பொருள் தவறிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

எப்போது இது பெரிதாகும்? குழுக்களின் அளவு சமமாக இருந்தால் அநேகமாகப் பெரிதாகாது. தூக்கத் தரவைத் தனிக் குழுக்களாக எடுத்தாலும் ஸ்டூடண்டும் வெல்ச்சும் ஒரே டியைத்தான் தருகின்றன. பி-மதிப்பு நான்காம் தசமத்தில்தான் பிரிகிறது. அளவும் சிதறலும் சேர்ந்து மாறும்போதுதான் வினை. ஒரு குழுவில் பத்துப் பேர், திட்ட விலக்கம் 3. மற்றதில் நாற்பது பேர், திட்ட விலக்கம் 1. சராசரிகள் உண்மையில் சமம் என்று வைத்துக்கொள்வோம். கலப்பு மதிப்பீட்டில் நாற்பது பேரின் குரலே ஓங்கும். திட்டப் பிழை 0.56 என்று வரும். உண்மையான அளவோ 0.96. விளைவு, நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே பொய் எச்சரிக்கை தர வேண்டிய சோதனை இருபது முறைக்கு மேல் தருகிறது. சிறிய குழு அமைதியாகவும் பெரிய குழு சிதறியும் இருந்தால் கதை தலைகீழ்: உண்மையான வேறுபாட்டைக்கூடச் சோதனை கண்டுகொள்ளாது. முதல் நிலையில் வெல்ச் கட்டின்மைக் கூறுகளை 48இலிருந்து ஏறக்குறைய 9.5க்கு இறக்கிவிடுகிறது. 'உன்னிடம் உண்மையில் இருக்கும் செய்தி பத்துப் பேருடையதுதான்' என்று சொல்வதுபோல.

ஆகவே தனிக் குழுக்களுக்கு என் முதல் தேர்வு வெல்ச். பரவற்படிகள் சமமாகவே இருந்துவிட்டாலும் அதனால் இழப்பது சொற்பம். ஆர் மென்பொருளில் ஒன்றும் சொல்லாவிட்டால் கிடைப்பது வெல்ச்தான். பைத்தானின் சைப்பை தொகுப்பில் சொல்லாவிட்டால் கிடைப்பது ஸ்டூடண்ட். எக்செல்லின் டி-சோதனைச் சார்பில் 1 என்றால் இணை, 2 என்றால் சம பரவற்படி, 3 என்றால் வெல்ச். ஒரே தரவை இரண்டு மென்பொருளில் போட்டுவிட்டு விடை ஏன் மாறுகிறது என்று இரவெல்லாம் குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இங்கேதான் பலருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சடங்கு ஒன்று குறுக்கே வருகிறது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் அட்டவணையில் முதலில், பரவற்படிகள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனை; பக்கத்தில் இரண்டு வரிகள், மேலே சம பரவற்படி, கீழே சமமற்றது. லெவீனின் பி-மதிப்பு 0.05க்கு மேல் என்றால் மேல் வரி, கீழே போனால் கீழ் வரி. பார்க்க எவ்வளவு ஒழுங்கு! ஆனால் லெவீன் சிறிய மாதிரிகளில் கண் மங்கியது. வேறுபாடு இருந்தும் தவறவிடும். வெல்ச் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது நம்மை ஸ்டூடண்டிடம் அனுப்பிவைக்கும். பெரிய மாதிரிகளிலோ பொருட்படுத்தத் தேவையில்லாத வேறுபாட்டுக்கும் மணி அடிக்கும். புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் 1953இலேயே இந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்துவிட்டார். பெரிய பயணக் கப்பல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவரத் துடுப்புப் படகை அனுப்புவது போன்றது என்றார். காவலுக்கு வைத்த சோதனை, காக்கப்படும் சோதனையைவிட நொய்ந்தது என்பது அவர் வாதம். கீழ் வரியை எடுத்துக்கொள்ளுங்கள், லெவீனைப் பார்க்கவே வேண்டாம் என்பேன் நான். வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டால் பாக்ஸ் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம்.

தரவரிசைக்குப் போவதா?

அடுத்த சடங்கு, தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ–வில்க் சோதனை. இயல்நிலைப் பரவல் இல்லை என்று அது சொன்னதும் மாணவர்கள், எண்களை விட்டுவிட்டு அவற்றின் தரவரிசையை மட்டும் பார்க்கும் மான்–விட்னி சோதனைக்கு ஓடுகிறார்கள். இதிலும் அதே கோளாறுதான்: எட்டு அளவுகளில் எதையும் கண்டுபிடிக்காது, எண்ணூறு அளவுகளில் எதையும் விட்டுவைக்காது. எண்ணூறு அளவுகள் இருக்கும்போது சராசரியின் பரவல் தானாகவே இயல்நிலையை நெருங்கியிருக்கும் என்பதால் அந்த எச்சரிக்கையால் பயனும் குறைவு.

மான்–விட்னி நல்ல சோதனைதான், ஆனால் அது வேறு கேள்விக்கு விடை. ஒரு குழுவிலிருந்து ஒருவரையும் மற்றதிலிருந்து ஒருவரையும் குலுக்கி எடுத்தால், முதலாமவர் அளவு உயர்ந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதியா என்று அது கேட்கிறது. சராசரியைக் கேட்கவில்லை. இடைநிலை அளவுகளை ஒப்பிடுகிறது என்று எழுதுவதும், இரண்டு பரவல்களும் ஒரே வடிவில் இருந்தாலொழிய, சரியல்ல. மருத்துவமனைக்கு ஆகும் செலவை ஒப்பிடுகிறீர்கள் என்றால் நிர்வாகத்துக்கு வேண்டியது சராசரிச் செலவு. ஆள் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வரும். தர எண்ணைப் பெருக்கி என்ன செய்வது? வலி எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துவரை சொல்லச் சொன்ன மதிப்பெண் என்றால் தரவரிசையே பொருத்தம். 4க்கும் 6க்கும் உள்ள இடைவெளி 8க்கும் 10க்கும் உள்ளதற்குச் சமம் என்று யார் உறுதி சொல்வது? பாக்டீரியா எண்ணிக்கைபோல் மடங்கு மடங்காகப் பெருகும் அளவு என்றால் மூன்றாவது வழி உண்டு: மடக்கை எடுத்துவிட்டு டி-சோதனை.

ஆய்வகத்தில் மும்மூன்று குடுவைகளோடு வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று என்றால் தர எண்களைப் பங்கிடும் வழிகள் மொத்தம் 20. எதிரெதிர் முனைகள் இரண்டு. ஆகவே மான்–விட்னியின் இருபக்கப் பி-மதிப்பு 0.10க்குக் கீழே இறங்கவே முடியாது. ஒரு குழு வானத்திலும் மற்றது பாதாளத்திலும் இருந்தாலும் சரி. இணைத் தரவுக்கான வில்காக்ஸன் சோதனையில் ஐந்து இணைகள் இருந்தால் எல்லை 0.0625. விடை முன்கூட்டியே 'இல்லை' என்று எழுதப்பட்ட சோதனை அது. கலமசூவில் பத்தில் ஒருவருக்கு வித்தியாசம் பூஜ்யம். அவரை விட்டுவிட்டால் மீதி ஒன்பதும் ஒரே பக்கம். 512 வழிகளில் இரண்டு, ஏறக்குறைய 0.004. அங்கே வில்காக்ஸனும் இணை டி-சோதனையும் ஒரே பேச்சுப் பேசுகின்றன.

இரண்டுக்கு மேல் போனால்

நான்கு குழுக்கள் என்றால் ஆறு இணைகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து சதவீதப் பிழை வாய்ப்பு வைத்தால், தோராயமாக 26 சதவீத வாய்ப்பில் எங்காவது ஒரு பொய் வேறுபாடு முளைக்கும். அதனால்தான் எல்லாக் குழுக்களின் சராசரிகளையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் அனோவா. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பயிர் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் வளர்த்தெடுத்தது. குழுக்களுக்கு இடையிலான சிதறலைக் குழுவுக்குள் இருக்கும் சிதறலால் வகுக்கும் அதன் விகிதத்துக்கு அவர் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு 'எஃப்' என்று பெயர் சூட்டியவர் புள்ளியியலாளர் ஸ்னெடெகர். அது பிறந்த இடம் வயல் என்பதால் நம் வேளாண் கல்லூரி மாணவர்களுக்கு ஆர்பிடி (தொகுதி தொகுதியாகப் பயிரை நட்டு ஒப்பிடும் சோதனை அமைப்பு) தலைகீழ்ப் பாடம். ஒரே பாத்தித் தொகுதிக்குள் எல்லா ரகங்களையும் நட்டு ஒப்பிடுவது, கலமசூ நோயாளி இரண்டு மருந்தையும் சாப்பிட்டது போன்றதே. தொகுதிகளாக நட்டுவிட்டுத் தொகுதியைக் கணக்கில் விட்டுவிடுவது அந்த 0.079 மாணவரின் அதே தவறு.

அதே ஆய்வேடுகளில் அட்டவணையின் அடியில் 'சிடி' என்று ஓர் எண் இருக்கும். இரண்டு சராசரிகளின் வித்தியாசம் அதைத் தாண்டினால் வேறுபாடு உண்டு என்பார்கள். எஃப் விகிதம் தேறிய பிறகு, மூன்று குழுக்களுக்கு இது பாதுகாப்பானது. பன்னிரண்டு ரகங்களுக்கு 66 இணைகள். அங்கே இது பாதுகாப்பில்லை. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டுமானால் டூக்கி சோதனை. கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டும் ஒப்பிட வேண்டுமானால் டனட் சோதனை. கேள்விகள் குறைவு என்பதால் கூர்மை கூடும். சிதறல் குழுவுக்குக் குழு மாறினால் வெல்ச்சின் அனோவா, அதன்பின் இணைகளை ஒப்பிட கேம்ஸ்–ஹொவெல் சோதனை. இதற்குமேல் இதில் குழப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

சிதறலே கேள்வி என்றால்

பரவற்படிச் சோதனையைக் காவலாளியாக வைக்க வேண்டாம் என்றேன். அதற்காக அது வேண்டாத சரக்கு அல்ல. சில இடங்களில் அதுவே கேள்வி. அரை லிட்டர் பால் பாக்கெட் நிரப்பும் இரண்டு இயந்திரங்கள். இரண்டுக்கும் சராசரி 500 மில்லி. ஒன்று 498, 502 என்று நிதானமாகப் போகிறது, மற்றது 490, 510 என்று அலைகிறது. டி-சோதனைக்கு இரண்டும் ஒன்றே. பாக்கெட்டை வாங்கிப்போகிறவருக்கு அப்படியல்ல.

இங்கே போட்டி மூன்று பேருக்குள். இரண்டு பரவற்படிகளின் எஃப் விகிதம் பழையது. 1937இல் வந்த பார்ட்லெட் சோதனை அதைப் பல குழுக்களுக்கு விரித்தது. தரவு உண்மையிலேயே இயல்நிலையில் இருந்தால் இவையே கூர்மையானவை. 1960இல் லெவீன் வேறு வழியில் போனார்: ஒவ்வோர் எண்ணும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களை அனோவாவில் போட்டார். 1974இல் பிரௌனும் ஃபார்சைத்தும் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை வைத்தார்கள். சைப்பையில் 'லெவீன்' என்று கேட்டால் சொல்லாமலே கிடைப்பது இந்த இடைநிலை வடிவம்தான்.

எதை எடுப்பது? ஓட்டைப் பாக்கெட் ஒன்றைக் கொண்டு பார்க்கலாம். இரண்டு இயந்திரங்களிலிருந்தும் இருபது இருபது பாக்கெட்டுகள், இரண்டுக்கும் திட்ட விலக்கம் 2 மில்லி. இரண்டாவதில் ஒரே ஒரு பாக்கெட் ஒட்டு விட்டுக் கசிந்து 480 என்று அளக்கிறது. உடனே அந்தப் பக்கத்துப் பரவற்படி 4இலிருந்து 24க்குத் தாவுகிறது, எஃப் விகிதம் ஏறத்தாழ 6. தாண்ட வேண்டிய எல்லை 2.53தான். இயந்திரம் கெட்டுவிட்டது என்று அறிக்கை போய்விடும், ஃபிட்டரைக் கூப்பிடுவார்கள். பிரௌன்–ஃபார்சைத் கணக்கில் அதே பாக்கெட்டால் ஒன்றும் ஆவதில்லை. சோதனை மதிப்பு 1க்குக் கீழேயே நின்றுவிடுகிறது. நடைமுறைத் தரவில் கசியும் பாக்கெட் இல்லாத நாள் கிடையாது என்பதால் என் ஓட்டு இடைநிலை வடிவத்துக்கு. ஆனால் கசிவே உங்கள் கேள்வி என்றால் இந்தச் சோதனை அதை மறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த மூன்றுமே தனிக் குழுக்களுக்கு உரியவை. கலமசூ தரவில் இரண்டு மருந்துகளின் பரவற்படி 3.20, 4.01. எஃப் சோதனையில் பி-மதிப்பு 0.74. ஆனால் இதுவும் இருபது பேர் என்று எண்ணிச் செய்த கணக்கு. இணைத் தரவுக்கென்று 1939இல் பிட்மனும் மார்கனும் தந்த வழி உண்டு: ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு அளவுகளைக் கூட்டி ஓர் எண், கழித்து ஓர் எண், இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். போட்டுப் பார்த்தேன். ஒட்டுறவுக் கெழு 0.18, பி-மதிப்பு 0.6ஐ ஒட்டி வருகிறது. இரண்டாவது மருந்தில் தூக்கம் கூடியிருக்கிறது. அது ஆளுக்கு ஆள் கூடுதலாகச் சிதறியது என்று சொல்ல இந்தப் பத்துப் பேர் போதவில்லை.